வைத்தியர் அல்லாதவருக்கு வைத்தியசாலையில் என்ன வேலை?

புளியங்கூடலில் வாழும் மூதாட்டி ஒருவர் அண்மையில் என்னிடம் கேட்ட கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று. அவருடைய மகளும் மருமகனும் 1991ஆம் ஆண்டு இடப்பெயர்வின்போது தீவகத்தை விட்டு நீங்கி, கொழும்பு வழியாகக் கனடா சென்று ரொறொன்ரோவில் குடியேறியவர்கள். அங்கே பிறந்த பேர்த்தி உயிரிரசாயனவியலில் பட்டம் பெற்று, வைத்தியசாலை ஒன்றுடன் இணைந்த ஆராய்ச்சி நிறுவகத்தில் பணியாற்றுகிறார். "தம்பி, ஆசுப்பத்திரியிலைதான் வேலை எண்டு பிள்ளை சொல்லுறாள். ஆனா டொக்குத்தர் இல்லையாம், நேர்சும் இல்லையாம். நோயாளியை ஒருக்காலும் கண்டதில்லையாம். பேந்து அங்கை என்ன செய்யிறாள்?" என்பது அவருடைய வினா. குரலில் சற்றுக் கவலையும் இருந்தது. "பிள்ளைக்கு மெடிசின் கிடைக்கேல்லையோ?" என்று விசாரிக்கும் அயலவர்க்கு விடை கூறி அவர் களைத்திருந்தார்.

அக்கேள்வி ஆச்சி ஒருவருடையது மட்டுமன்று. க.பொ.த. உயர்தரத்தில் உயிரியற் பிரிவில் பயிலும் எம் மாணவருள் மருத்துவபீடத்துக்குத் தெரிவாகாதவர் தோற்றவராகவே எண்ணப்படுகிறார். விஞ்ஞானபீடத்துக்குத் தெரிவானவரை வாழ்த்தச் செல்லும் உறவினர்கூட ஆறுதல் கூறும் தொனியிலேயே பேசுவதைக் காண்கிறோம். வைத்தியர் நோயைத் தீர்க்கிறார். பொறியியலாளர் பாலம் கட்டுகிறார். கணக்காளர் கணக்குப் பார்க்கிறார். ஆய்வாளர் என்ன செய்கிறார் என்பதற்கோ ஒரு வரியில் விடை கூற முடிவதில்லை. ஒரு வரியில் கூற முடியாததை ஒரு கட்டுரையிலேனும் கூற முயலலாம். அதற்குப் பொருத்தமான வாழ்வு ஒன்று உண்டு. ஆச்சியின் பேர்த்தி வாழும் அதே ரொறொன்ரோ நகரில், மவுண்ட் சைனாய் வைத்தியசாலையின் ஆராய்ச்சி நிறுவகத்தில் இருபத்தெட்டு ஆண்டுகள் பணியாற்றி, 2013ஆம் ஆண்டு மறைந்த அன்ரனி ஜேம்ஸ் போசன் என்பவருடைய வாழ்வே அது. விஞ்ஞான உலகம் அவரை ரொனி போசன் என்றே அறியும்.

ஆச்சிக்கு நீரிழிவு உண்டு. மாதந்தோறும் கிளினிக் கொப்பியுடன் ஊர்காவற்றுறை வைத்தியசாலைக்குச் சென்று மாத்திரை வாங்கி வருகிறார். ஆகவே இன்சுலினில் இருந்தே நான் தொடங்கினேன். நாம் உணவு உண்டபின் குருதியில் குளுக்கோசு கூடுகிறது. சதையி இன்சுலினைச் சுரக்கிறது. குருதியிலுள்ள குளுக்கோசை உள்ளே எடுத்துக்கொள்ளுமாறு தசைக் கலங்களுக்கும் கொழுப்புக் கலங்களுக்கும் அது அறிவிக்கிறது. இந்த அளவு பாடப்புத்தகத்தில் உள்ளதே. ஆனால், இன்சுலின் கலத்தினுள்ளே சென்று இச்செய்தியைச் சொல்வதில்லை என்பதைப் பலரும் அறியார். கலத்தைச் சூழ்ந்து கொழுப்பாலான மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. இன்சுலின் அதனைத் தாண்டுவதில்லை. சவ்வினூடே ஊடுருவி நிற்கும் வாங்கி என்ற புரதத்தின் வெளிமுனையில் வந்து ஒட்டுவதோடு அதன் பணி முடிந்துவிடுகிறது. அப்படியானால் வெளியே வந்த செய்தி உள்ளே எவ்வாறு பரவுகிறது? ஒரு கலத்தினுள் ஆயிரக்கணக்கான வகைப் புரதங்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. அவற்றுள் சரியான புரதம் சரியான நேரத்தில் செய்தியைப் பெற்று அடுத்ததிடம் ஒப்படைப்பது எங்ஙனம்? கலச் சமிக்ஞை கடத்தல் எனப்படும் துறை முழுவதும் இவ்வொரு வினாவைச் சுற்றியே எழுந்தது.

விடையின் முதற்பகுதி அமெரிக்காவின் சியாட்டில் நகரில் கிடைத்தது. 1950களின் நடுப்பகுதியில் எட்மண்ட் பிஷர், எட்வின் கிரெப்ஸ் என்னும் இருவர் தசையிலுள்ள நொதியம் ஒன்றை ஆராய்ந்தனர். உறங்கிக்கிடக்கும் அந்நொதியத்தின்மீது பொஸ்பேற்றுக் கூட்டம் ஒன்று ஒட்டப்பட்டதும் அது விழித்துக்கொள்வதையும், அக்கூட்டம் அகற்றப்பட்டதும் மீண்டும் உறங்குவதையும் கண்டனர். ஒட்டுவதற்கு ஒரு நொதியமும் அகற்றுவதற்கு வேறொரு நொதியமும் உள்ளன. ஒட்டும் நொதியத்துக்குக் கைனேசு என்று பெயர். மனித உடலில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட கைனேசுகள் உள்ளமை இப்போது தெரியவந்துள்ளது. ஒரு தசை நொதியத்தின் தனி வழக்கமென்று தோன்றியது உயிர்கள் அனைத்துக்கும் பொதுவான ஆட்சிமுறையென நிறுவப்பட நெடுங்காலம் சென்றது. அவ்விருவருக்கும் நோபல் பரிசு 1992ஆம் ஆண்டிலேயே வழங்கப்பட்டது.

இங்கே சென்னையோடு தொடர்புடைய செய்தி ஒன்றைச் சொல்லாமல் அப்பாற் செல்ல மனம் ஒப்பவில்லை. கைனேசுகள் ஒட்டுகின்ற அந்தப் பொஸ்பேற்று, ஏ.ரி.பி. என்னும் மூலக்கூறிலிருந்து எடுக்கப்படுவது. அந்த ஏ.ரி.பி.யை 1929ஆம் ஆண்டு தசையிலிருந்து பிரித்தெடுத்து அறிவித்தவர்களுள் ஒருவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ். ஹாவார்ட் மருத்துவக் கல்லூரியில் சைரஸ் பிஸ்க் என்பவருடன் அவர் இதனைச் செய்தார். ஜெர்மனியில் கார்ல் லோமன் அதே ஆண்டில் தனியாகக் கண்டறிந்தார். சென்னையில் கதர் அணிந்தமையால் ஆங்கிலேயப் பேராசிரியரின் அதிருப்திக்கு ஆளாகி, முழுமையான மருத்துவப் பட்டத்துக்குப் பதிலாகக் குறைந்த தரச் சான்றிதழே பெற்றவர் அவர். வைத்தியத் தொழில் கைகூடாத அம்மனிதர், போலிக் அமில ஆய்விலும் புற்றுநோய்க்கான தொடக்ககால மருந்துகளிலும் பதித்த தடம், தொழில் கைகூடிய பல்லாயிரம் பேர் பதித்ததைவிட ஆழமானது. மெடிசின் கிடைக்கேல்லையோ என்று விசாரிப்போர் அவருடைய வரலாற்றையும் ஒருமுறை வாசித்தல் நலம்.

அடுத்த முன்னேற்றம் ஒருவகையில் சோம்பலின் பயன். புரதத்திலுள்ள செரீன், திரியோனின் ஆகிய இரு அமினோ அமிலங்களின்மீதே பொஸ்பேற்று ஒட்டப்படுவதாக 1979 வரை கருதப்பட்டது. கலிபோர்னியாவிலுள்ள சோல்க் நிறுவகத்தில் ரொனி ஹன்ரர் என்பவர் இவற்றைப் பிரித்துப் பார்க்கும் சோதனையில் ஈடுபட்டிருந்தார். ஒவ்வொரு முறையும் புதிய தாங்கற் கரைசல் தயாரிப்பதை விடுத்துப் பழையதையே மீண்டும் பயன்படுத்தினார். அதன் பி.எச். பெறுமானம் 1.9 ஆக இருப்பதற்குப் பதிலாக 1.7 ஆகக் குறைந்திருந்தது. அச்சிறு மாற்றத்தால், வழக்கமாகத் திரியோனினோடு ஒன்றாகத் தோன்றும் புள்ளி இரண்டாகப் பிரிந்தது. புதிய புள்ளி தைரோசீன் என்ற மூன்றாவது அமினோ அமிலத்துக்குரியது. இயல்பான கலத்தில் இவ்வாறு பொஸ்பேற்று ஏறிய தைரோசீன், ஏனைய இரண்டோடு ஒப்பிட மூவாயிரத்தில் ஒன்று என்ற அளவிலேயே உண்டு. அதனாற்றான் அது கண்ணில் படாதிருந்தது. புற்றுநோயை உண்டாக்கும் வைரசு தொற்றிய கலங்களில் மட்டும் அது பன்மடங்காக உயர்ந்திருந்தது. இன்சுலின் வாங்கியும் தைரோசீனின்மீதே பொஸ்பேற்றை ஒட்டும் கைனேசு என்பது 1982ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. எனவே புற்றுநோயும் நீரிழிவும் ஒரே மொழியில் எழுதப்பட்ட இரண்டு பக்கங்களாயின. ஆனால் அம்மொழியை வாசிப்பவர் யார்? எழுதும் கை கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. வாசிக்கும் கண் எங்கே என்பது தெரியவில்லை.

போசன் நுழைவது இவ்விடத்தில். 1952ஆம் ஆண்டு ஒக்ரோபர் 18ஆம் திகதி இங்கிலாந்தின் மெயிட்ஸ்ரன் நகரிற் பிறந்தவர். தந்தையார் கென்ற் அணிக்குக் கிரிக்கெட் ஆடியவர். சால்ரன் கழகத்துக்குக் காற்பந்தும் ஆடியவர். தூண்டிலால் மீன்பிடிக்கும் போட்டியில் உலக விருதும் பெற்றவர். அத்தகைய வீட்டிலிருந்து மைதானத்துக்குச் செல்லாமல் ஆய்வுகூடத்துக்குச் சென்ற பிள்ளை இவர். கேம்பிரிட்ஜில் உயிரிரசாயனவியல் பயின்று, 1976இல் இலண்டனில் கலாநிதிப் பட்டம் பெற்று, கலிபோர்னியாவின் பேர்க்லியில் ஸ்ரீவ் மார்ட்டின் என்பவரிடம் பயிற்சி பெற்றார். 1981இல் கனடாவின் வன்கூவருக்கும், 1985இல் ரொறொன்ரோவுக்கும் சென்றார். கையில் எடுத்துச் சென்ற ஆய்வுப்பொருள் கோழிகளில் கட்டியை உண்டாக்கும் வைரசு ஒன்று. ஜப்பானியராகிய புஜினாமி என்பவர் 1914ஆம் ஆண்டில் விவரித்தது அது.

கோழிக் கட்டியை ஆராய்வதற்கு ஒரு மனிதர் வாழ்நாளைச் செலவிடுவதா என்று வாசகர் கேட்கக்கூடும். கோழி வைரசுகளின் கதை 1911இல் நியூயோர்க்கில் பெய்ற்றன் ரவுஸ் என்பவருடன் தொடங்குகிறது. அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது ஐம்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1966இல். அவ்வைரசில் புற்றுநோயை உண்டாக்கும் ஸார்க் என்னும் மரபணு, உண்மையில் ஆரோக்கியமான கோழியின் கலத்திலிருந்தே வைரசு திருடிச் சென்றது என்பதை 1976இல் பிஷப், வார்மஸ் இருவரும் காட்டினர். மனிதரிலும் அதற்கொத்த மரபணு உண்டு. புற்றுநோய் என்பது வெளியிலிருந்து வந்த பகைவனல்லன், கட்டுப்பாட்டை இழந்த வீட்டுப்பிள்ளையே என்ற உண்மை கோழிக் கட்டியிலிருந்து பெறப்பட்டது. ஆகையால் கோழியை இகழ்தல் ஆகாது.

புஜினாமி வைரசின் புற்றுப் புரதமும் ஒரு தைரோசீன் கைனேசே. அதன் வினையாற்றும் பகுதி எதுவென ஏற்கெனவே தெரிந்திருந்தது. எஞ்சிய பகுதி எதற்கு என்பதுதான் போசனும் அவருடைய மாணவர்களும் எழுப்பிய வினா. அவர்கள் கையாண்ட முறை எளிது, பொறுமையைச் சோதிப்பது. புரதச் சங்கிலியின் வெவ்வேறு இடங்களில் இரண்டு அமினோ அமிலங்களை இடைச்செருகி, ஒவ்வொரு செருகலுக்குப் பின்னும் அப்புரதம் கலத்தைப் புற்றுக் கலமாக்குகிறதா எனப் பார்த்தனர். ஓர் இயந்திரத்தின் ஒவ்வோர் இடுக்கிலும் சிறு கல்லை வைத்து, எந்த இடுக்கில் வைத்தால் அது நிற்கிறது என்று பார்ப்பதற்கு இது ஒப்பாகும். வினையாற்றும் பகுதிக்கு வெளியே, ஏறக்குறைய நூறு அமினோ அமிலங்கள் நீளமான ஒரு துண்டில் கைவைத்தபோது புற்றாக்கும் ஆற்றல் குன்றியது. அத்துண்டை ஒத்த துண்டுகள் ஸார்க், ஏபிள் ஆகிய வேறு கைனேசுகளிலும் காணப்பட்டன. தேவையற்றதாயின் இயற்கை அதனை இத்தனை புரதங்களில் பேணியிராது. வினையாற்றும் பகுதியை முதலாவது ஒப்புமைப் பகுதியெனக் கொண்டு இதற்கு ஸார்க் ஒப்புமை இரண்டு, சுருக்கமாக எஸ்.எச்.2 என்று பெயரிட்டு 1986ஆம் ஆண்டு கட்டுரை வெளியிட்டனர்.

அக்கட்டுரை வெளிவந்தபோது எஸ்.எச்.2 என்ன செய்கிறது என்பதற்குத் தெளிவான விடை அவர்களிடம் இருக்கவில்லை. இன்றைய நிதி வழங்குநர் பலர் இந்நிலையில் கதவைச் சாத்தியிருப்பர். இரண்டாண்டுகள் கழித்து, 1988இல், நியூயோர்க்கில் புரூஸ் மேயர், ஹிடேசாபுரோ ஹனபூசா ஆகியோர் விசித்திரமான புற்றுப் புரதம் ஒன்றைக் கண்டனர். கிறக் எனப்பட்ட அதில் கைனேசுப் பகுதியே இல்லை, வேறெந்த நொதியத் தொழிலும் இல்லை, எஸ்.எச்.2 உம் அதைப்போன்ற மற்றொரு வகைத் துண்டும் மட்டுமே இருந்தன. எதையும் வெட்டாமல், எதையும் ஒட்டாமல், வெறுமனே இருப்பதனாலேயே ஒரு புரதம் புற்றை விளைவிக்க முடியுமென்றால், அது வேறு புரதங்களைப் பிடித்துக்கொள்வதால்தான் இருக்க வேண்டும். அதே காலத்தில், வளர்ச்சிச் சமிக்ஞைகளில் பங்குபெறும் வேறு நொதியங்களிலும் எஸ்.எச்.2 கண்டுபிடிக்கப்பட்டது.

1990ஆம் ஆண்டில் முடிச்சு அவிழ்ந்தது. எஸ்.எச்.2 துண்டை மட்டும் தனியே தயாரித்து, தூண்டப்பட்ட வாங்கிகளோடும் தூண்டப்படாத வாங்கிகளோடும் கலந்து பார்த்தது போசனின் குழு. தூண்டப்பட்டு, தைரோசீனில் பொஸ்பேற்று ஏறிய வாங்கியோடு அது இறுகப் பற்றிக்கொண்டது. பொஸ்பேற்று ஏறாத வாங்கியை அது திரும்பிப் பார்க்கவில்லை. தைரோசீன்மீது எழுதப்பட்டதை வாசிக்கும் கண் அகப்பட்டுவிட்டது.

இதனை ஆச்சிக்கு விளக்க ஊர்காவற்றுறைத் துறையே எனக்குக் கைகொடுத்தது. கரையில் கட்டை நாட்டப்படாத இடத்தில் வள்ளம் தங்குவதில்லை. அலையோடு வந்து அலையோடு போய்விடும். கட்டை ஒன்று நாட்டப்பட்டால், அதற்கேற்ற கயிற்றுச் சுருக்குடைய வள்ளம் வந்து கட்டும். கட்டியபின்னரே ஆள் இறங்கும், பொருள் இறங்கும். கலத்தின் சவ்வே கரை. வாங்கியின் உள்முனையிலுள்ள தைரோசீன்கள் கட்டை நாட்டற்குரிய இடங்கள். இன்சுலினோ வேறொரு வளர்ச்சிக் காரணியோ வெளியே வந்து ஒட்டியதும், உள்ளே பொஸ்பேற்றுக் கட்டைகள் நாட்டப்படுகின்றன. எஸ்.எச்.2 என்பது கலத்தினுள்ளே மிதந்து திரியும் புரத வள்ளங்களின் கயிற்றுச் சுருக்கு. ஒவ்வொரு சுருக்கும் எல்லாக் கட்டைகளிலும் விழுவதில்லை. பொஸ்பேற்று ஏறிய தைரோசீனை அடுத்து வரும் ஒரு சில அமினோ அமிலங்களின் வரிசையையும் பார்த்தே அது தன் கட்டையைத் தெரிந்துகொள்கிறது. வேலை முடிந்ததும் கட்டையைப் பிடுங்கும் நொதியம் ஒன்று வருகிறது, வள்ளம் விலகுகிறது, துறை வெறுமையாகிறது. இன்சுலினைப் பொறுத்தவரை சிறு வேறுபாடு உண்டு: அதன் வாங்கி, தன்னருகே வரும் வேறொரு புரதத்தின்மீதே பெரும்பாலான கட்டைகளை நாட்டுகிறது. அங்கு வந்து கட்டும் எஸ்.எச்.2 புரதம் தொடக்கும் செய்தியால்தான் குளுக்கோசு நுழையும் வாயில்கள் தசைக் கலத்தின் மேற்பரப்புக்கு வந்து சேர்கின்றன.

இக்கண்டுபிடிப்பின் பெருமை ஒரு துண்டின் தொழிலை அறிந்ததோடு நின்றுவிடவில்லை. அதுவரை உயிரிரசாயனவியல் என்பது பெரும்பாலும் நொதியங்களின் வினைகளைப் பற்றிய கல்வியாகவே இருந்தது; எது எதனை எதுவாக மாற்றுகிறது என்பதே கேள்வி. போசன் கேள்வியையே மாற்றினார். எது எதனருகே நிற்கிறது என்பதும் அத்துணை முக்கியமானது என அவர் காட்டினார். ஒரு நொதியத்தின் ஆற்றல் சிறிதும் மாறாமலே, அது நிற்கும் இடம் மாறுவதால் மட்டும் கலம் வளரலாம், பிரியலாம், மடியலாம். எஸ்.எச்.2 போன்ற பற்றும் துண்டுகள் வேறு பலவும் பின்னர் கண்டுபிடிக்கப்பட்டன. மனிதரில் எஸ்.எச்.2 துண்டுகள் மட்டும் ஏறக்குறைய நூற்றிருபது உள்ளன. வளர்ச்சிச் செய்தியை வாங்கியிலிருந்து ராஸ் என்ற புரதத்துக்குக் கொண்டுசெல்லும் இணைப்பான் ஒன்று 1992, 1993ஆம் ஆண்டுகளில் பல ஆய்வுகூடங்களின் உழைப்பால் வெளிப்பட்டது. நொதியத் தொழில் எதுவுமற்ற இணைப்பான் அது. அதே இணைப்பான் நூற்புழுவிலும் பழ ஈயிலும் மனிதனிலும் ஒரே வேலையைச் செய்கிறது. ராஸ் மரபணுக்களில் ஏற்படும் பழுது மனிதப் புற்றுநோய்களில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கில் காணப்படுகிறது.

பற்றுதல் தவறினால் நேர்வது என்ன? எஸ்.எச்.2 துண்டைத் தவிர வேறு ஏதும் பெரிதாக இல்லாத மிகச் சிறிய புரதம் ஒன்று எமது நோயெதிர்ப்புக் கலங்களில் உண்டு. அதன் மரபணுவில் பழுதுள்ள ஆண் குழந்தைகளுக்கு, ஏனையோரைச் சில நாள் காய்ச்சலோடு விட்டுவிடும் எப்ஸ்ரைன்–பார் வைரசு உயிர்கொல்லியாகிறது. இது 1998இல் அறியப்பட்டது. ஒரு கயிற்றுச் சுருக்கு அறுந்தமைக்கு ஓர் உயிர் விலை. ஆச்சியைப் போன்றோரை வருத்தும் இரண்டாம் வகை நீரிழிவில் நிகழ்வது இத்துணைத் தெளிவானதன்று. இன்சுலின் சுரக்கிறது, வாங்கியில் ஒட்டவும் செய்கிறது. ஆனால் உள்ளே செய்தி கைமாறும் வழியில் அது நலிந்துபோகிறது. செய்தி எங்கே, எதனால் நலிகிறது என்பது ஒன்றல்ல, பல இடங்களில் என்றே தெரிகிறது. உலகெங்கும் ஆய்வுகூடங்கள் இன்றும் இதில் ஈடுபட்டுள்ளன. தெற்காசியரை இந்நோய் இளவயதிலேயே, உடல் பருக்காத நிலையிலும் பற்றுவதால், இது எமக்கு நேரடியான கேள்வி.

மருந்து என்ன வந்தது என்று கேட்போருக்கும் விடை உண்டு. நாட்பட்ட மயலோயிட் வெண்குருதிப் புற்றுநோயில், இரண்டு நிறமூர்த்தங்கள் உடைந்து மாறி ஒட்டுவதால், ஏபிள் கைனேசு அணையாத விளக்காகிவிடுகிறது. அதனை மட்டும் அணைக்கும் இமாற்றினிப் என்ற மாத்திரை 2001ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சில ஆண்டுகளில் மரணம் என்றிருந்த நோய், நாளொன்றுக்கு மாத்திரை விழுங்கி வேலைக்குச் செல்லும் நோயாயிற்று. முதற் பெரும் ஆய்வில் ஐந்தாண்டுகளின் பின்னும் உயிருடனிருந்தோர் 89 சதவீதத்தினர். இதன் விலையைப் பற்றிய போராட்டமும் சென்னையிலேயே நடந்தது என்பதை நினைவூட்டலாம். சுவிற்சர்லாந்தின் நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் காப்புரிமை விண்ணப்பத்தைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006இல் நிராகரித்தது. இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவை எதிர்த்து அந்நிறுவனம் தொடுத்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2007 ஓகஸ்ட் மாதம் தள்ளுபடி செய்தது. இறுதியில் 2013 ஏப்ரல் முதலாம் திகதி இந்திய உச்ச நீதிமன்றமும் நிறுவனத்தின் கோரிக்கையை மறுத்தது. மாதம் ஒன்றுக்கு ஒரு இலட்சம் ரூபாவைத் தாண்டிய மருந்தை இந்திய நிறுவனங்கள் பத்தாயிரம் ரூபாவுக்கும் குறைவாக விற்க முடிந்தது. கோழிக் கட்டியில் தொடங்கிய வழி எங்கெல்லாம் சென்றது பாருங்கள்.

ஆனால் உண்மையை மிகைப்படுத்துதல் தகாது. இமாற்றினிப்பைப் போசன் கண்டுபிடிக்கவில்லை. அம்மருந்து கட்டை நாட்டும் கையைத் தடுப்பது; எஸ்.எச்.2 என்னும் சுருக்கைத் தொடுவதன்று. சுருக்கையே தடுக்கும் மருந்துகளைத் தயாரிக்கப் பல்லாண்டு முயற்சிகள் நடந்தும் வழி கடினமாகவே இருந்துவந்தது. பொஸ்பேற்றைப் போன்ற மின்னேற்றமுள்ள மூலக்கூறுகள் கலச் சவ்வைத் தாண்ட மறுப்பது ஒரு முக்கிய காரணம். போசன் தந்தது மருந்தன்று, வரைபடம். ஒரு கைனேசை நிறுத்தினால் அதன் பின்னே எவையெல்லாம் நிற்கும், ஒரு வழியை அடைத்தால் புற்றுக் கலம் எந்த மாற்றுவழியால் தப்பும் என்பதை மருந்து தேடுவோர் இன்று அவ்வரைபடத்தைக் கொண்டே கணிக்கிறார்கள். கரைகாட்டும் வெளிச்சவீடு மீன் பிடித்துத் தருவதில்லை என்று எவரும் அதனைக் குறைகூறுவதில்லை.

1994இல் கெயார்ட்னர் விருதும், 2005இல் ஹன்ரர், லெவிற்ஸ்கி ஆகியோருடன் வூல்ப் பரிசும், 2008இல் ஜப்பானின் கியோத்தோ பரிசும் போசனுக்குக் கிடைத்தன. நோபல் பரிசு கிடைக்குமென ஆண்டுதோறும் எதிர்பார்க்கப்பட்டது. 2013 ஓகஸ்ட் 7ஆம் திகதி, அறுபது வயதில், அவர் காலமானார். மறைந்தவருக்கு அப்பரிசு வழங்கப்படுவதில்லை.

இத்தகைய வாழ்வு ஒருவருடைய அறிவால் மட்டும் அமைவதன்று. 1986இல் வெளியிட்டதன் பொருள் 1990இல் விளங்கும்வரை, அதன் பயன் அதற்கும் அப்பால் ஒரு பத்தாண்டு கழித்துத் தெரியும்வரை, அந்த ஆய்வுகூடத்தின் விளக்கை அணைக்காமல் வைத்திருக்க ஒரு நாடு ஆயத்தமாக இருந்தது. இலங்கை ஆராய்ச்சிக்காகச் செலவிடுவது தன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறக்குறைய 0.1 சதவீதமே. 1974இல் தொடங்கிய யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம், போரின் நடுவிலும் விஞ்ஞானம் கற்பித்ததே பெரிது. அப்படியிருக்க, எமது மாணவர்கள் போசனைப் போல் ஆகவில்லையே என்று கேட்பது நியாயமன்று. ஆயினும் பணம் இல்லாதது வேறு, மதிப்பு இல்லாதது வேறு. வேலணையிலோ ஊர்காவற்றுறையிலோ படிக்கும் ஒரு பிள்ளை, கலத்தினுள் நடப்பதை அறிய விரும்புவதாக வீட்டில் சொன்னால், அதனை இழப்புச் செய்தியாகக் கேட்கும் வழக்கத்தை விடுவதற்கு அரசாங்கத்தின் நிதி ஒதுக்கீடு எதுவும் தேவையில்லை. புலம்பெயர்ந்த எம்மவரிடம் பணமும் வாய்ப்பும் உள்ள இடங்களிலும் இவ்வழக்கம் பெட்டியோடு பெட்டியாகக் கப்பலேறிச் சென்றிருப்பதுதான் வியப்பு.

இவ்வளவையும் ஆச்சி பொறுமையாகக் கேட்டிருந்தார். வள்ளமும் கட்டையும் அவருக்கு நன்றாகவே விளங்கின. ஊர்காவற்றுறைக்குத் தோணிகள் வந்து போன காலத்தைக் கண்டவர் அவர். சற்று யோசித்துவிட்டு, "அப்ப என்ரை பேத்தி எந்தக் கட்டையைப் பாக்கிறாள்?" என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. அன்றிரவு ரொறொன்ரோவுக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டோம். கட்டை நாட்டுவதையல்ல, கட்டையைப் பிடுங்கும் நொதியம் ஒன்றைத் தான் ஆராய்வதாகவும், தசைக் கலத்தில் அது எந்தக் கட்டையை முதலில் பிடுங்குகிறது என்பதை நான்கு ஆண்டுகளாகத் தேடுவதாகவும் அப்பிள்ளை கூறினார். "இன்னும் பிடிபடேல்லை, அம்மம்மா" என்றார். ஆச்சி தொலைபேசியை என்னிடம் தந்துவிட்டு, "நாலு வரியமா ஒரு கட்டை" என்று சொல்லிச் சிரித்தார். மறுநாள் காலை அவருக்குக் கிளினிக் நாள். வேலிக்கரையில் யாரோ பேர்த்தியைப் பற்றி விசாரித்தபோது, "அவள் நீரிழிவு ஏன் வருகுதெண்டு பாக்கிறாள்" என்று அவர் பதிலிறுத்ததை, பஸ்ஸுக்குக் காத்துநின்ற நான் கேட்டேன்.